மணல் எத்தனை கியூப்? கட்டிடம் தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எமது வியாபாரிகளில் அநேகர் கணக்கில் கெட்டிக்காரர்கள். அரிசிக் கடைக்காரர் மூடையைத் தூக்கிப் பார்த்தே நிறை குறைகிறதா என்று சொல்லி விடுவார். துணிக்கடைக்காரருக்கு ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கையே சொல்லும். ஆனால் அதே வியாபாரி கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் அறை கட்டவோ, மகளுக்கென்று ஒரு வீடு கட்டவோ ஆரம்பித்தால் மணல் விடயத்தில் மட்டும், "ரெண்டு டிப்பர் போடுங்க, காணாட்டி பொறகு பாப்பம்" என்று சொல்லி விடுகிறார். சீமெந்தை மூடையாக எண்ணி வாங்குகிறார். கம்பியைத் துண்டு துண்டாக எண்ணி வாங்குகிறார். மணலை மாத்திரம் கண்ணால் வாங்குகிறார்.

இதனால் ஏற்படும் நட்டம் என்னவென்பதை நான் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. ஏனெனில் ஒரு தடவை அந்த நட்டத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

மாவனல்லையில் நான் ஹாட்வெயார் கடை திறந்து இரண்டாவது வருடம். அது 2003 ஆம் ஆண்டு. எமது ஊர் ஆசிரியை ஒருவர், கணவரை இழந்தவர், மகளின் நிக்காஹ்வுக்கு முன்னர் வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு அறைகள் கட்டி மேலே கொங்கிறீட் ஸ்லெப் போடத் தீர்மானித்தார். வங்கிக் கடன் எடுத்த காசு. ஸ்லெப் 24 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குலத் தடிப்பு. கீழே பீம்கள். பாஸ் எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டு வந்து என்னிடம் காட்டி, மணல் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

நான் கடை மேசையில் சாய்ந்தபடியே மனக்கணக்குப் போட்டேன். ஸ்லெப் 200 கன அடி, பீம் சுமார் 40 கன அடி, ஆக 240. கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. மொத்தம் ஏழு பங்கில் மணல் இரண்டு பங்கு. 240 ஐ ஏழால் பிரித்து இரண்டால் பெருக்கினால் 69 கன அடி.

"டீச்சர், ஒரு கியூப் தாராளம். மிஞ்சும். மிஞ்சுறத பூச்சுக்கு வெச்சிக்கோங்க" என்றேன். சனிக்கிழமை ஒரு டிப்பர் மணல் அனுப்பி வைத்தேன்.

ஞாயிறு பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகத் தயாராகிக் கொண்டிருந்தபோது பாஸ் ஆளனுப்பினார். "முதலாளி, மண் முடிஞ்சு." போய்ப் பார்த்தேன். ஸ்லெப்பின் மூன்றில் இரண்டு பங்கு போட்டாகி விட்டது. மீதி மூன்றில் ஒரு பங்கு வெறும் கம்பியும் பலகையுமாக நின்றது. வாடகைக்கு எடுத்த மிக்சர் மெஷின் சும்மா ஓடிக் கொண்டிருந்தது. கூலியாட்கள் பதினான்கு பேர் கையைக் கட்டிக் கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, போதாததற்கு மேலே பெய்த மழையில் மகா ஓயாவில் தண்ணீர் கூடியிருந்தது. எனக்குத் தெரிந்த டிப்பர்காரர்கள் எல்லோரிடமும் ஓடினேன். மணல் வந்தது மறுநாள் பதினொரு மணிக்கு.

காய்ந்த கொங்கிறீட்டோடு புதிய கொங்கிறீட் சேரும் இடத்தில் மூட்டு விழும். அதையும் முன்கூட்டித் திட்டமிட்டு, நேர்கோடாக நிறுத்தி, மறுநாள் கொத்தி நனைத்துச் சீமெந்துப் பால் ஊற்றித் தொடர்ந்தால் சமாளிக்கலாம். மணல் முடிந்த இடத்தில் நின்ற வேலைக்கு அந்த ஒழுங்கு ஏது? அந்த வருட மழையிலேயே மூட்டால் தண்ணீர் கசிந்தது. இரண்டு தடவை என் செலவில் மேலே மருந்து பூசிக் கொடுத்தேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. டீச்சர் என்னைத் திட்டவில்லை. "நானா, நீங்க சென்ன கணக்குத்தானே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

பிறகு ஒரு அனுபவமுள்ள பொறியியல் உதவியாளரிடம் போய் என் கணக்கில் எங்கே பிழை என்று கேட்டேன். ஒரு பிழை அல்ல, மூன்று பிழைகள் என்றார். அந்த மூன்றையும்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதற் பிழை: உலர்ந்த பொருட்கள் கலக்கும்போது சுருங்கும்

ஒரு வாளி மெட்டல், அரை வாளி மணல், கால் வாளி சீமெந்து எடுத்து நீர் விட்டுக் கலந்து பாருங்கள். ஒன்றே முக்கால் வாளி கொங்கிறீட் வராது. மெட்டலின் இடைவெளிகளுக்குள் மணல் புகுந்து விடும். மணலின் இடைவெளிகளுக்குள் சீமெந்து புகுந்து விடும். ஆகவே 100 கன அடி கொங்கிறீட் வேண்டுமானால், உலர்ந்த நிலையில் சுமார் 154 கன அடிப் பொருட்கள் போட வேண்டும். அதாவது கொங்கிறீட்டின் அளவை 1.54 ஆல் பெருக்க வேண்டும்.

மெட்டல் சேராத சாந்துக்கு, அதாவது கல் கட்டவும் பூசவும் பாவிக்கும் கலவைக்கு, மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும். 1.33 ஆல் பெருக்குங்கள்.

இப்போது டீச்சரின் ஸ்லெப்பைத் திரும்பப் பாருங்கள். 240 ஐ 1.54 ஆல் பெருக்கினால் 370 கன அடி. ஏழால் பிரித்தால் ஒரு பங்கு சுமார் 53 கன அடி. மணல் இரண்டு பங்கு, ஆகவே 106 கன அடி. மெட்டல் நான்கு பங்கு, சுமார் 211 கன அடி. சீமெந்து ஒரு பங்கு 53 கன அடி. 50 கிலோ மூடை ஒன்று சுமார் ஒன்றேகால் கன அடி என்பதால் 43 மூடை. நான் 69 என்றது 106 ஆக வந்து நிற்கிறது.

இரண்டாம் பிழை: டிப்பரை அளக்கவில்லை

எமது நாட்டில் ஒரு கியூப் என்றால் 100 கன அடி. மீற்றர் கணக்கில் 2.83 கன மீற்றர். நிறையில் பார்த்தால் நான்கரை தொன் அளவில் வரும். டிப்பர் என்பதோ, லோட் என்பதோ, டிரக்டர் என்பதோ அளவு அல்ல. அவை வாகனங்கள். ஒவ்வொன்றின் பெட்டியும் ஒவ்வொரு அளவு.

நான் அனுப்பிய "ஒரு கியூப்" டிப்பரின் பெட்டியைப் பிறகு டேப் வைத்து அளந்தேன். உட்புறம் நீளம் 8 அடி, அகலம் 5 அடி, மணல் நின்ற உயரம் இரண்டேகால் அடி. பெருக்கினால் 90 கன அடி. கியூபுக்குப் பத்து அடி குறைவு. இது டிப்பர்காரர் என்னை ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அதை "ஒரு டிப்பர்" என்றுதான் தந்தார். அதை டீச்சருக்கு "ஒரு கியூப்" என்று பில் எழுதியவன் நான்.

மூன்றாம் பிழை: ஈர மணல் வீங்கும்

இதைத்தான் நம்மில் அநேகர் அறிவதில்லை. மழையில் நனைந்த மணல் அதிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஈரமான மணலில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் பிடித்து, மணிகளை ஒன்றுக்கொன்று தள்ளி நிறுத்துகிறது. நூற்றுக்கு ஐந்து பங்களவு ஈரம் இருந்தாலே மணலின் கன அளவு 20 முதல் 30 வீதம் வரை கூடி விடும். நைஸ் மணல் இன்னும் கூடுதலாக வீங்கும். ஆச்சரியம் என்னவெனில், அதே மணலை முழுமையாக நீரில் மூழ்கடித்தால் திரும்பவும் உலர்ந்த மணலின் அளவுக்கு அமர்ந்து விடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியில் ஈர மணலைத் தட்டாமல் தளர்வாகப் போட்டு, எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். மணலை வேறொரு பாத்திரத்தில் கொட்டி விட்டு, பேணியில் பாதியளவு நீர் விடுங்கள். மணலை மெதுவாகத் திரும்பப் போட்டு ஒரு குச்சியால் கிளறி விடுங்கள். மணல் அமர்ந்ததும் அளந்து பாருங்கள். முதலில் 10 அங்குலம் நின்றது இப்போது 8 அங்குலமாக நின்றால், 10 ஐ 8 ஆல் பிரித்து 1.25. அதாவது 100 கன அடி உலர்ந்த மணல் தேவையென்றால், இந்த மணலில் 125 கன அடி வாங்க வேண்டும்.

டீச்சரின் வீட்டுக்குப் போன 90 கன அடி ஈர மணலை 1.25 ஆல் பிரித்தால் உண்மையான மணல் 72 கன அடி மாத்திரமே. தேவை 106. பாஸ் அனுபவசாலி என்பதால் ஈரத்தைக் கண்டு பெட்டிக்குக் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போட்டார். ஸ்லெப் மூன்றில் இரண்டு பங்கில் நின்றதன் காரணம் இதுதான். கணக்கு தெரியாத பாஸாக இருந்தால் பெட்டியை மட்டும் எண்ணியிருப்பார். அப்போது ஒவ்வொரு கலவையிலும் மணல் குறைந்து, கொங்கிறீட் சொரசொரப்பாகி, சீமெந்தும் கணக்குக்கு மேல் போயிருக்கும்.

வேலை வாரியாக எவ்வளவு?

என் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பட்டியலை இங்கே தருகிறேன். எல்லாம் உலர்ந்த மணலுக்கான கணக்கு. கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1. ஸ்லெப், பீம், தூண் கொங்கிறீட் (1:2:4): ஒவ்வொரு 100 கன அடிக்கும் மணல் 44 கன அடி, மெட்டல் 88 கன அடி, சீமெந்து 18 மூடை.

2. நிலத்துக்குப் போடும் சாதாரண கொங்கிறீட் (1:3:6): 100 கன அடிக்கு மணல் 46 கன அடி, மெட்டல் 92 கன அடி, சீமெந்து பன்னிரண்டரை மூடை.

3. கருங்கல் அத்திவாரம் (1:5 சாந்து): கட்டில் மூன்றில் ஒரு பங்கு சாந்து என்று வைத்தால், 100 கன அடிக்கு மணல் சுமார் 37 கன அடி.

4. நான்கு அங்குல புளொக் கல் சுவர் (1:5): 100 சதுர அடிக்கு 16 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரமுள்ள கல் 112 அல்லது 113. மணல் நான்கு முதல் ஐந்து கன அடி.

5. ஒன்பது அங்குல செங்கல் சுவர் (1:5): 100 சதுர அடிக்கு மணல் சுமார் 25 கன அடி. புளொக் கல்லை விட ஐந்து மடங்குக்கு மேல் மணல் போகிறது என்பதைக் கவனியுங்கள். செங்கல் சிறியது. மூட்டுகள் அதிகம். சுவரும் தடிப்பு.

6. அரை அங்குலப் பூச்சு (1:5): 100 சதுர அடிக்கு மணல் ஐந்து முதல் ஆறு கன அடி, சீமெந்து ஒரு மூடைக்குச் சற்றுக் குறைவு. சுவர் கோணலாக இருந்து பூச்சு ஒரு அங்குலமானால் இது இரட்டிப்பாகும். சுவரைத் தூக்குக் குண்டு பிடித்து நேராகக் கட்டாத பாஸ், உங்கள் மணலைப் பூச்சில் தின்று விடுவார்.

7. நிலத்துக்கு ஒரு அங்குல மேற்பூச்சு (1:3): 100 சதுர அடிக்கு மணல் எட்டேகால் கன அடி, சீமெந்து இரண்டேகால் மூடை.

நிலத்தை உயர்த்த அடியில் நிரப்புவதற்கு ஆற்று மணல் வாங்காதீர்கள். அதற்கு நிரப்பு மண்ணே போதுமானது. விலை கூடிய மணலைப் புதைத்து விட்டுப் பூச்சுக்கு மணல் இல்லை என்று வருபவர்களை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

ஒரு ஸ்டோர் அறையின் முழுக் கணக்கு

கடைக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடியில் ஒரு ஸ்டோர் கட்டுவதாக வைத்துக் கொள்வோம். சுவர் 10 அடி உயரம், புளொக் கல். கூரை தகடு. ஒரு கதவு, இரண்டு ஜன்னல்.

சுற்றளவு 64 அடி. அத்திவாரம் ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழம்: 64 ஐ ஒன்றரையாலும் இரண்டாலும் பெருக்கினால் 192 கன அடி. மணல் 71 கன அடி.

சுவர் 64 ஐப் பத்தால் பெருக்கினால் 640 சதுர அடி. கதவு (4 அடிக்கு 7 அடி) 28, ஜன்னல் இரண்டும் (4 அடிக்கு 4 அடி) 32, இரண்டையும் கழித்தால் 580 சதுர அடி. கல் கட்ட மணல் 26 கன அடி.

பூச்சு. இங்கேதான் எல்லோரும் தவறுவது. சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. 580 அல்ல, 1,160 சதுர அடி. மணல் 64 கன அடி.

நிலத்துக்கு 3 அங்குலக் கொங்கிறீட்: 240 சதுர அடியில் 60 கன அடி. மணல் 28 கன அடி. மேற்பூச்சு ஒரு அங்குலம்: மணல் 20 கன அடி.

கூட்டினால் 71, 26, 64, 28, 20: மொத்தம் 209 கன அடி. நிலத்தில் சிந்துவது, சலிக்கும்போது கழிவது, கோழி கிளறுவது என்று நூற்றுக்குப் பத்து கூட்டினால் 230. மணல் ஈரமாக வந்தால் 1.25 ஆல் பெருக்கி 287 கன அடி. அதாவது மூன்று கியூபுக்குச் சற்றுக் குறைவு. கண்ணால் பார்த்து "ரெண்டு டிப்பர்" சொன்னவர், அந்த டிப்பர் 90 அடியாக இருந்தால் 180 கன அடிதான் வாங்கியிருப்பார். பூச்சு வேலை பாதியில் நிற்கும்.

இந்த மூன்று கியூபையும் ஒரே நாளில் கொட்டி வைக்க வேண்டியதில்லை. மழையில் கழுவிப் போகும். பாதையோரம் கிடந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆடுகளும் பங்கு கேட்கும். அத்திவாரத்துக்கு ஒன்று, சுவர் எழும்பியதும் மற்றது என்று படிப்படியாக எடுக்கலாம். ஆனால் ஸ்லெப் போடும் வேலைக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. முதலாவது கலவை மிக்சரில் விழும் முன்னர் முழு மணலும், அதற்கு மேல் நூற்றுக்குப் பத்தும், வாசலில் கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் இரட்டிப்புக் கவனம்.

இறக்கும் முன்னர் அளவுங்கள்

டிப்பர் வந்தவுடன் கொட்ட விடாதீர்கள். மேலே ஏறி மணலைத் தட்டையாக்கச் சொல்லுங்கள். உட்புற நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் பிரித்தால் எத்தனை கியூப் என்று வரும். உயரத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் பார்த்துச் சராசரி எடுங்கள். ஆற்றங்கரையில் குவித்து ஏற்றிய மணல், வரும் வழியில் குலுங்கி அமர்ந்து விடும். ஆகவே ஏற்றும் இடத்து அளவா, இறக்கும் இடத்து அளவா என்பதை விலை பேசும்போதே பேசிக் கொள்ளுங்கள். பிறகு வாக்குவாதப்படுவதில் பிரயோசனமில்லை.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் கொட்டி விட்டுப் போய் விட்டார்களா? கூம்பு வடிவில் கிடக்கும் குவியலையும் அளக்கலாம். அடியில் ஒரு கயிற்றைச் சுற்றிச் சுற்றளவை அளவுங்கள். நடுவில் ஒரு கம்பியைக் குத்தி உயரத்தை அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 38 ஆல் பிரியுங்கள். சுற்றளவு 36 அடி, உயரம் 4 அடி என்றால் 136 கன அடி. ஒன்றே காலும் கொஞ்சமும் கியூப்.

விலையை ஒப்பிடுவதும் கன அடியில்தான் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவர் டிப்பர் 20,000 ரூபா என்கிறார். மற்றவர் 21,000 என்கிறார். முதலாமவரின் பெட்டி 90 கன அடி, இரண்டாமவரின் பெட்டி 100 கன அடி. முதலாமவரிடம் ஒரு கன அடி 222 ரூபா, இரண்டாமவரிடம் 210 ரூபா. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது.

அளவு சரி, தரம்?

மணலில் சேறு இருந்தால் அளவிலும் நட்டம், உறுதியிலும் நட்டம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்த அரை லீற்றர் நீரிலிருந்து முக்கால் போத்தல் வரை ஊற்றி நன்றாகக் குலுக்கி, அசையாமல் மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு ஒரு படையாகத் தெரியும். மணல் 4 அங்குலம் நின்றால், சேறு மூன்றில் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவிப் பாவிக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்று ஆற்று மணல் முன்போல் கிடைப்பதில்லை. மகா ஓயா போன்ற ஆறுகளில் அளவுக்கு மேல் அள்ளியதால் ஆற்றின் அடி தாழ்ந்து, கரைகள் இடிந்து விழுந்தன. எமது பக்கத்துக்கு மனம்பிட்டியிலிருந்து மகாவலி மணலும் வருகிறது. கருங்கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலும் வந்து விட்டது. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் குவாரியில் மிஞ்சும் தூளும் முறையாகத் தயாரித்த மணலும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். கடல் மணல் என்றால் உப்புப் போகக் கழுவியதா என்று உறுதி செய்யுங்கள். கழுவாத கடல் மணல் ஸ்லெப்புக்குள் இருக்கும் கம்பியைத் துருவாக்கி விடும்.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ், மணல் அகழ்வதற்கும் கொண்டு செல்வதற்கும் விற்பதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் நடுவழியில் பிடிபட்டால் உங்கள் ஸ்லெப்பும் நடுவழியில்தான் நிற்கும். சாரதியிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

மணல் விற்கும் சகோதரர்களுக்கு

என்னைப் போல் ஹாட்வெயார் வைத்திருப்பவர்களுக்கும் டிப்பர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003 க்குப் பிறகு என் கடையில் மூன்று மாற்றங்கள் செய்தேன். முதலாவது, எனக்கு மணல் கொண்டு வரும் ஒவ்வொரு டிப்பரின் பெட்டியிலும் உட்புறத்தில் ஒரு கியூப் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தீந்தையால் கோடு போட்டு விட்டேன். இரண்டாவது, பில்லில் "ஒரு லோட்" என்று எழுதுவதை நிறுத்தி, கன அடியில் எழுதுகிறேன். மூன்றாவது, வீட்டு வேலைக்கு மணல் கேட்டு வருபவர்களுக்கு நீளம், அகலம், தடிப்பு கேட்டு, ஒரு கடதாசியில் கணக்கு எழுதி, கையில் கொடுக்கிறேன். மனக்கணக்கில் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை.

முதல் வருடம் சில டிப்பர்காரர்கள் என்னோடு கோபித்துக் கொண்டு போனார்கள். ஒருவர், "கோடு போட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றே கேட்டார். நியாயமான கேள்விதான். கோடு போட்டால் கியூபின் விலை கூடும். கூடட்டும். 90 அடியைக் கியூப் என்று மலிவாக விற்பதை விட, 100 அடியை அதன் விலைக்கு விற்பது நல்லது. அளவையில் குறை வைப்போருக்கு எமது மார்க்கம் விடுத்துள்ள எச்சரிக்கையை வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் வேண்டுமென்று குறைக்கவில்லை, அளக்காமல் விட்டேன். நட்டப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கட்டிடப் பொருட்களின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியபோது, அநேகர் வீட்டு வேலையை இடையில் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவர்களில் பலர், வாங்க அல்ல, கணக்குப் போட்டுக் கொள்ள வந்தார்கள். கையில் இருக்கும் காசுக்கு எது வரை கட்டலாம், எங்கே நிறுத்தினால் சேதமில்லை என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அவர்களில் அநேகர் பின்னர் வாங்கவும் வந்தார்கள்.

அந்த டீச்சர் இப்போது ஓய்வு பெற்று விட்டார். சில வருடங்களுக்கு முன் மகளின் வீட்டுக்கு ஒரு மாடி எடுக்க வந்தார். நான் கடதாசியும் பேனாவும் எடுத்தேன். "இந்த முறை எழுதித் தாங்க நானா" என்று சிரித்தார். எழுதிக் கொடுத்தேன். ஸ்லெப் போட்ட அன்று காலை சுபஹுக்குப் பிறகு நானே போய் மணற் குவியலைச் சுற்றிக் கயிறு பிடித்துப் பார்த்து விட்டுத்தான் கடையைத் திறந்தேன். மாலையில் வேலை முடிந்தபோது அரைக் கியூபுக்குக் கொஞ்சம் குறைவாக மணல் மிஞ்சியிருந்தது. அதைப் பூச்சுக்கு வைத்துக் கொண்டார்கள்.

இந்த வாரம் வீட்டு வேலையோ கடை வேலையோ தொடங்க இருப்பவர்கள், மணலுக்குச் சொல்லி அனுப்பும் முன் ஒரு டேப்பும் ஒரு கடதாசியும் எடுத்துக் கொள்ளுங்கள். நீளம், அகலம், தடிப்பு. சுருக்கத்துக்குப் பெருக்குங்கள். பங்கைப் பிரியுங்கள். கழிவும் ஈரமும் கூட்டுங்கள். பிறகு டிப்பரை அளவுங்கள். அரை மணித்தியால வேலை. அடுத்த வாரம் இன்ஷா அல்லாஹ் கம்பிக் கணக்கோடு சந்திப்போம்.